நாடாவும் நாட்குறிப்பும்: இதயத் துடிப்பின் இரு பிரதிகள் குறித்துச் சில குறிப்புகள்

ஹோல்டர் கருவியை உடம்பில் கட்டி வீட்டுக்கு அனுப்பும்போது கூடவே ஒரு தாளும் கொடுத்தனுப்புவார்கள். மூன்று பத்திகள்: நேரம், செய்த வேலை, உணர்ந்தது. கருவியைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அது சுருங்கியது, கைக்கடிகாரத்துக்குள் புகுந்தது, இனிச் சட்டைத் துணிக்குள்ளும் வரும் என்கிறோம். இந்தத் தாளைப் பற்றி யாரும் அக்கறையாக எழுதி நான் படித்ததில்லை. இக்கட்டுரை தாளிலிருந்து தொடங்குகிறது.

என் அக்காவுக்கு நான்கு வருஷமாகத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடத்துக் கண் இருட்டிக்கொண்டு வரும். பார்த்த டாக்டர்கள் அத்தனை பேரும் ‘எல்லாம் மனசுதாம்மா, யோசிக்காம தூங்குங்க’ என்று மாத்திரை எழுதினார்கள். 2014இல் ஒருவர் ஹோல்டர் போட்டுப் பார்த்துவிடலாம் என்றார். மார்பில் ஒட்டுகள், ஒயர்கள், பெல்ட்டில் மாட்டிக்கொள்ள ஒரு சிறு பெட்டி. அக்கா புடவைக்காரி, பெல்ட்டுக்கு எங்கே போவாள்? இடுப்பில் முந்தானையைச் சுற்றி இறுக்கி முடிந்துகொண்டாள். மறுநாள் கழற்றிக் கொடுத்தோம். தாளின் முன்பக்கத்தில் ‘6.10, பால் காய்ச்சினேன், ஒண்ணுமில்லை’, ‘11.40, துணி துவைச்சேன், ஒண்ணுமில்லை’ என்று வரிசையாக எழுதியிருந்தாள். பின்பக்கத்தில், யாரும் கேட்காமலே, இப்படி: ‘போன மாசம் வந்த மாதிரி இன்னைக்கு வரலை. வந்தா சுவிட்சைப் போட்ட மாதிரி வரும், சுவிட்சை அணைச்ச மாதிரி நிக்கும். குனிஞ்சு நிமிர்ந்தா வரும். கழுத்துல தவளை தத்துற மாதிரி இருக்கும். நின்ன பிறகு ஒண்ணுக்கு நிறையப் போகும்.’

அறிக்கை ஆங்கிலத்தில் அச்சாகி வந்தது. சராசரித் துடிப்பு, மிகக் குறைந்த துடிப்பு, மிக அதிகத் துடிப்பு, சில தனித்த மிகைத் துடிப்புகள். நாட்குறிப்பில் அறிகுறி எதுவும் பதிவாகவில்லை என்று கடைசியில் ஒரு வரி. அங்கே இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது என்றில்லை. தாளைத் திருப்பிப் பார்க்கும் வழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் கழித்து ஓர் இரவு அவசரப் பிரிவில், நிமிஷத்துக்கு 190 துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே இசிஜி எடுத்துவிட்டார்கள். அடினோசின் ஊசி போட்டதும் நின்றது. எஸ்.வி.டி. என்றார்கள். இதயத்தின் மேல்பகுதியில், மின்னோட்டம் ஒரு வட்டப்பாதையில் சிக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடுவது. பிறகு நான் இதய மருத்துவப் பாடநூல் ஒன்றைப் புரட்டியபோது அக்கா எழுதிய பின்பக்கம் அநேகமாக அப்படியே அதில் இருந்தது. திடீர்த் தொடக்கம், திடீர் முடிவு, முடிந்தபின் சிறுநீர் மிகுதல், கழுத்துச் சிரைகளில் தெரியும் துடிப்பு. இந்தக் கடைசி விஷயத்துக்கு ஆங்கில மருத்துவ வழக்கில் பெயரே ‘தவளைக் குறி’.

ஆக ஒரே நாளைப் பற்றி இரண்டு பிரதிகள். ஒன்றை உடம்பு தானாக எழுதுகிறது, மற்றதை உடம்புக்குச் சொந்தக்காரி எழுதுகிறாள். முதலாவதற்கு இரண்டாவது அடிக்குறிப்பு. நாடாவில் ஏதாவது தென்பட்டால்தான் நாட்குறிப்பில் அந்த நேரத்தைத் தேடுவார்கள். நாடாவில் இல்லாதது நாட்குறிப்பில் இருந்தால் அது ‘மனசு’. இந்தப் படிநிலை எப்படி உருவாயிற்று என்பதுதான் என் கேள்வி.

அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் ஹெலினா என்ற நகரைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர் மருத்துவர் அல்லர், இயற்பியலும் வேதியியலும் படித்தவர். 1946இல் பிகினித் தீவில் அமெரிக்கா அணுகுண்டு வெடித்துச் சோதித்தபோது கடல் அலைகளை அளந்த குழுவில் இருந்தவர். அணுகுண்டு அலையை அளந்தவன் அடுத்து மனித நெஞ்சின் அலையை அளக்க வந்தான் என்று இங்கே ஓர் உருவகம் கட்டிவிடலாம். கட்டப்போவதில்லை, மலிவான வேலை அது. 1940களின் இறுதியில் அவர் செய்த முதல் கருவி முதுகுச் சுமையாக 38 கிலோ. அதைத் தானே சுமந்துகொண்டு மிதிவண்டி மிதித்து, இதயத்தின் மின்னலையை ரேடியோ வழியாக அனுப்பிக் காட்டினார். 1961இல் ‘சயன்ஸ்’ இதழில் அவருடைய கட்டுரை வந்தபோது கருவி ஒரு சிறு பெட்டியாகிவிட்டிருந்தது, பதிவு காந்த நாடாவில். அவர் முன்வைத்த ஆட்சேபம் எளிமையானது. படுத்துக்கிடக்கும் ஆளுக்குச் சில விநாடி இசிஜி எடுத்து இதயத்தை அறிய முடியாது. வேலை செய்யும்போதும் தூங்கும்போதும் சண்டை போடும்போதும் அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டாமா?

நாடாவை எப்படிப் படித்தார்கள் என்பது சுவாரஸ்யமானது. 60 மடங்கு வேகத்தில் ஓட்டுவார்கள். ஒரு மணி நேரம் ஒரு நிமிஷமாகிவிடும். துடிப்புகள் திரையில் ஒன்றின் மேல் ஒன்று விழ, கூடவே ஒலியும் வரும். ஒழுங்கான இதயம் ஒரே சுருதியில் ரீங்கரிக்கும். துடிப்பு தவறினால் சுருதி குலையும். படிப்பவர் கண்ணால் பார்ப்பதோடு காதாலும் கேட்டார். ஆனால் கேட்டது நோயாளியின் பேச்சை அல்ல.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் உடனே ஃபூக்கோவைக் கொண்டுவந்துவிட்டார். எல்லாம் கண்காணிப்புத்தானே, சிறையின் கோபுரம் இப்போது மணிக்கட்டில் ஏறியிருக்கிறது, இதில் புதிதாக என்ன இருக்கிறது என்றார். நமது சிறுபத்திரிகைச் சூழலில் இந்த வாக்கியத்தை யாரும் எதைப் பற்றியும் சொல்லலாம், தப்பாகாது. தப்பாகாத வாக்கியத்தால் பயனும் அதிகமில்லை. 1963இல் வந்த ‘மருத்துவமனையின் பிறப்பு’ நூலில் ஃபூக்கோ பேசுவது உடலின் உள்வெளியைக் கண்ணுக்குக் காட்டிய பார்வையைப் பற்றி. பிணத்தை அறுத்து நோயின் இருப்பிடத்தைக் காட்டிய பாரிஸ் மருத்துவமனைகளைப் பற்றி. ஹோல்டரின் பார்வை இடத்தைத் தேடுவதில்லை, நேரத்தைத் தேடுகிறது. பிணத்தில் துடிப்புக் கோளாறு இராது. உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும் காலத்தில் மட்டுமே இருந்து, தடயமில்லாமல் மறையக்கூடிய நோய் இது. எனவே இங்கே பார்வைக்கு நோயாளியின் ஒத்துழைப்பு வேண்டும், வீடு வேண்டும், தூக்கம் வேண்டும். அதனால்தான் அந்தத் தாளும் வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கண்காணிப்பு என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், நாடாவுக்காக ஏங்கியவர்களை என்ன செய்வது? 1997இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு எஸ்.வி.டி. உறுதியான 107 பேரின் முந்தைய மருத்துவ வரலாற்றைப் பார்த்தது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் மருத்துவப் பரிசோதனையில் நோய் பிடிபடவில்லை. அப்படித் தவறிப்போனவர்களில் பெண்களில் 65 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 32 விழுக்காட்டினருக்கும் ‘பதற்றம், மன அழுத்தம்’ என்று காரணம் சொல்லப்பட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று. என் அக்காவின் கதை ஹெலினாவிலும் நடக்கும் கதைதான். நம்பப்படாதவர்களுக்கு நாடா ஒரு சாட்சி. ‘இதோ பாருங்க, நான் சொன்னேனில்ல’ என்று காட்ட ஒரு காகிதம். அந்தக் காகிதம் கிடைக்கும்வரை அவள் சொன்னதற்கு மதிப்பில்லை என்பது அநியாயம். கிடைத்தபோது அவளுக்கு அது விடுதலையாக இருந்தது என்பதும் உண்மை. அன்று இரவு அவசரப் பிரிவில் அந்த இசிஜி தாளைக் கையில் வாங்கிப் பார்த்து அவள் சிரித்ததை நான் பார்த்தேன்.

எனவே நாடாவை எதிர்ப்பது என் வேலையல்ல. நாட்குறிப்பு இல்லாத நாடா என்ன செய்யும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. நம்மிடையே அது போதிய அளவு பேசப்படவில்லை.

*

மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு ஹோல்டர் போட்டுப் பார்த்தபோது பலரிடம் கீழறையிலிருந்து கிளம்பும் மிகைத் துடிப்புகள் தென்பட்டன. மிகைத் துடிப்பு அதிகம் உள்ளவர்கள் அதிகம் செத்தார்கள் என்பதும் தெரிந்தது. இதுவரை சரி. அடுத்த படியில்தான் சறுக்கல். மிகைத் துடிப்பை அடக்கினால் சாவும் குறையும் என்று மருத்துவ உலகம் முடிவு செய்தது. அதை யாரும் நிரூபித்திருக்கவில்லை, நிரூபிக்கத் தேவையில்லாத அளவுக்கு வெளிப்படையாகத் தோன்றியது. 1980களின் நடுவில் என்கைனைட், ஃபிளெக்கைனைட் என்ற மருந்துகள் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. நாடாவைச் சுத்தம் செய்வதில் கெட்டிக்கார மருந்துகள். டாக்டர் மருந்து கொடுப்பார், மறுபடி ஹோல்டர் போடுவார், மிகைத் துடிப்புகள் மறைந்திருக்கும், இருவருக்கும் திருப்தி.

இதைச் சோதிக்க அமெரிக்க அரசின் நிதியில் காஸ்ட் என்ற ஆய்வு நடந்தது. அதன் அமைப்பைக் கவனிக்க வேண்டும். மாரடைப்புக்குப் பின் ஹோல்டரில் மணிக்குச் சராசரி 6 மிகைத் துடிப்பாவது இருக்க வேண்டும். முதலில் எல்லோருக்கும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். எவருடைய நாடா சுத்தமாயிற்றோ அவர்களை மட்டுமே பகடை போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். நாடா நல்லபடியாக மாறியது என்பதே உள்ளே நுழையும் தகுதி. 1989இல் இந்த இரண்டு மருந்துகளின் பகுதியை அவசரமாக நிறுத்தினார்கள். 1991இல் முழு விவரம் வெளியாயிற்று. சராசரி பத்து மாதத்தில், மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர்.

நம் பாஷையில் சொன்னால், குறிப்பானை அழித்தால் குறிப்பீடும் அழிந்துவிடும் என்ற நம்பிக்கை அது. புகை தெரிகிறது, புகையை விசிறி விரட்டிவிட்டால் தீ அணைந்துவிடும் என்பதுபோல. உண்மையில் விசிறியது தீயை வளர்த்தது. பழுதுபட்ட இதயத் தசையில் மின்னோட்டத்தை மெதுவாக்கிய அதே மருந்து சிறு மிகைத் துடிப்புகளை அடக்கியது, கொல்லும் பெரிய துடிப்புக் கோளாறுக்கு வழி திறந்தும் விட்டது. என்கைனைட் 1991இல் சந்தையிலிருந்து போயிற்று. ஃபிளெக்கைனைட் இன்றும் இருக்கிறது, பழுதில்லாத இதயத்தில் வரும் வேறு கோளாறுகளுக்கு. மருந்தில் குற்றமில்லை என்று சொல்லவரவில்லை. குற்றம் படித்த விதத்திலும் இருந்தது என்கிறேன்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் மிகைத் துடிப்பால் அறிகுறியே இல்லாதவர்கள், அல்லது லேசாக இருந்தவர்கள். அதாவது அவர்கள் நாட்குறிப்பு அநேகமாக வெற்றுத்தாள். ‘ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை’ என்று எழுதிய மனிதர்களிடம் ‘இல்லை, உங்களுக்கு இருக்கிறது’ என்று நாடா சொல்லிற்று. என் அக்காவிடம் ‘உங்களுக்கு இல்லை’ என்று சொன்னதும் அதே நாடாதான். இரண்டு இடத்திலும் நோயாளியின் சொல் தோற்றது. ஓரிடத்தில் தோற்றதால் நான்கு வருஷம் தூக்க மாத்திரை. மற்ற இடத்தில் தோற்றதால் சாவு.

*

அடுத்து கைக்கடிகாரம். ஹோல்டர் காலத்தில் முதலில் ஒரு புகார் இருந்தது, அதற்குப் பதிவு தேடினார்கள். இப்போது முதலில் பதிவு, அதற்கு ஒரு நோயாளியைத் தேடுகிறார்கள். ஆப்பிள் கடிகாரம் பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி இரத்த ஓட்டத்தின் ஏற்றத்தாழ்வை வைத்து நாடியைக் கணிக்கிறது. 2019இல் வெளியான அதன் பெரிய ஆய்வில் சேர்ந்தவர்கள் 4,19,297 பேர். ஒழுங்கற்ற நாடி என்று எச்சரிக்கை கிடைத்தவர்கள் 2,161 பேர், அரை விழுக்காடு. அவர்களில் மார்பில் ஒட்டும் இசிஜி பட்டையைப் போட்டுத் திருப்பியனுப்பிய 450 பேரில் 34 விழுக்காட்டினரிடம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் கோளாறு, காணப்பட்டது. மற்றவர்களுக்கு இல்லை என்று அர்த்தமா? இல்லை, அந்தப் பட்டை ஒட்டியிருந்த நாட்களில் வரவில்லை என்று மட்டுமே அர்த்தம். அக்காவின் பின்பக்கம் மறுபடி: ‘இன்னைக்கு வரலை.’

‘இருக்கிறது’ என்பதற்கே எல்லை என்ன? ஒற்றை அலைப்பதிவில் 30 விநாடி நீடித்தால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது வழிகாட்டி நெறிகளில் உள்ள வரையறை. 29 விநாடி என்றால் ஒன்றுமில்லை. இதயத்துக்குள் முப்பதாவது விநாடியில் எதுவும் நடப்பதில்லை. அது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்ட கணக்கு. கணக்கு வேண்டும்தான், எங்காவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் கோட்டைப் போட்டது யார் என்பது மறந்துபோய், இயற்கையே போட்ட கோடு என்று ஆகிவிடும்போது சொல்லாடல் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. ஒரு வரம்புக்கு அப்பால் மனிதர் ‘நோயாளி’ என்ற தன்னிலையை ஏற்கிறார். காலையில் பூங்காவில் நடந்தவர் மாலையில் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்.

சாப்பிட்டால் நல்லதுதானே என்று கேட்கலாம். டென்மார்க்கில் 70 முதல் 90 வயதுவரையிலான 6,004 பேரை வைத்து ஓர் ஆய்வு, 2021இல் வெளியானது. 1,501 பேருக்குத் தோலுக்கடியில் சிறு பதிவுக் கருவி வைத்தார்கள், மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. கருவி வைத்தவர்களில் 31.8 விழுக்காட்டினருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் ‘கண்டுபிடிக்கப்பட்டது’, மற்றவர்களில் 12.2 விழுக்காட்டினருக்கு. மாத்திரையும் அதே கணக்கில் கூடிற்று. பக்கவாதமோ உறுதியாகச் சொல்லும்படிக் குறையவில்லை, 5.6க்கு 4.5. பார்க்கப் பார்க்க நோய் பெருகுகிறது, ஆனால் அதிகம் பார்த்துப் பிடித்த நோய் பழைய நோயைப்போல் ஆபத்தானதாக இல்லை. டாக்டரிடம் மூச்சிரைத்து வந்தவரின் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும், கருவி மட்டுமே அறிந்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் ஒரே பெயரில் அழைக்கப்படும் இரண்டு விஷயங்களாக இருக்கலாம். 2023இல் இதையே நேராகக் கேட்ட இரண்டு ஆய்வுகள் வந்தன. இதயத்தில் வைத்த கருவி மட்டுமே கண்டுபிடித்த கோளாறுக்கு உறைவெதிர்ப்பு மாத்திரை கொடுக்கலாமா என்று. ஒன்றில் பயன் தெரியவில்லை, இரத்தப்போக்கு கூடிற்று. மற்றதில் பக்கவாதம் ஆண்டுக்கு 1.24 விழுக்காட்டிலிருந்து 0.78ஆகக் குறைந்தது, பெரும் இரத்தப்போக்கு 0.94இலிருந்து 1.71ஆகக் கூடிற்று. இந்த எண்களை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கும் எழுபத்தெட்டு வயதுக்காரருக்கு என்ன சொல்வது? அவரிடம் கேட்காமல் சொல்லவே முடியாது. பக்கவாதம் வந்து கிடப்பதற்குப் பயப்படுகிறாரா, குடலில் இரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் கிடப்பதற்குப் பயப்படுகிறாரா என்று. ஆக, கருவி எவ்வளவு நுட்பமாகிறதோ அவ்வளவுக்குத் தாளின் மூன்றாவது பத்தி மறுபடி தேவைப்படுகிறது.

இந்த இடத்தில் சிலர் நாடி சாஸ்திரத்தோடு வருவார்கள் என்று தெரியும். சித்த மருத்துவத்தில் மூன்று விரல் வைத்து நாடியின் நடையைப் பார்ப்பார்கள். வாதம் அன்னம், மயில், கோழிபோல் நடக்கும், பித்தம் ஆமை, அட்டைபோல், கபம் பாம்பு, தவளைபோல். எண்ணிக்கையில்லை, நடைதான். அழகான படிப்பு முறை, மறுக்கவில்லை. ஆனால் அக்காவின் தவளையைக் கண்டதும் ‘பார்த்தீர்களா, நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது’ என்று யாரும் கட்டுரை எழுதக் கிளம்பிவிட வேண்டாம். அந்தத் தவளை வைத்தியர் விரலில் தத்துவது. இந்தத் தவளை அவள் கழுத்தில் தத்தியது. நாடி பார்ப்பவரிடமும் நோயாளி கையை நீட்டிவிட்டுச் சும்மா இருக்க வேண்டியவர்தான். வாயைத் திறக்குமுன் கையைப் பிடித்தே நோயைச் சொல்லிவிடுபவர்தான் பெரிய வைத்தியர் என்ற புகழ் நம் ஊர்களில் இன்றும் இல்லையா? நோயாளியின் பேச்சு வேண்டாத பார்வைக்கு மேற்கு, கிழக்கு என்றெல்லாம் கிடையாது.

சிகிச்சைக்குப் பிறகு அக்கா நன்றாக இருக்கிறாள். எப்போதாவது ஓர் ஒற்றைத் துடிப்பு தவறுவதோடு சரி. போன வருஷம் மகன் ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தான். அதன் முனையில் விரலை வைத்து 30 விநாடி உட்கார்ந்தால் இசிஜி எழுதுகிறது. எழுதி முடித்ததும் போனில் அறிகுறிப் பட்டியல் ஒன்று விரிகிறது. வேகமான துடிப்பு, தவறிய துடிப்பு, களைப்பு, மூச்சுத்திணறல், மார்பு இறுக்கம், தலைச்சுற்றல் என்று ஆங்கிலத்தில். தொட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். ‘இதுல எதுடா என்னுது?’ என்று கேட்டாள். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பிறகு கடிகாரத்தைக் கழற்றி டிவி மேல் வைத்துவிட்டு, கிழித்த காலண்டர் தாள் ஒன்றை எடுத்து அதன் பின்பக்கத்தில் நேரத்தை எழுதத் தொடங்கினாள்.